மூன்று தொட்டி ரோஜாவும் ஒரு பி.காம். பட்டதாரியும்

ரோஜா கொடுத்தவர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர். ரோஜா வளர்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான். கொடுப்பதற்கு இருபது ரூபாயும் கொஞ்சம் அசட்டுத் தைரியமும் போதும். வளர்ப்பதற்கு என்ன வேண்டும்? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் என் யோக்கியதை. நான் பி.காம். அதிலும் காஸ்ட் அக்கவுன்டிங்கின் மேல் இரண்டு தடவை படையெடுத்துத் தோற்று, மூன்றாம் தடவை வென்றவன். தாவரவியலுக்கும் எனக்கும் இருந்த ஒரே சம்பந்தம், ப்ளஸ் டூவில் அந்தப் பிரிவின் வகுப்பறை எங்கள் வகுப்பறைக்கு எதிரே இருந்தது என்பதுதான். அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருப்பேன். பார்த்தது செடியை அல்ல!

கல்யாணமான புதிதில், தெருவில் மூன்று சக்கர வண்டியில் செடி விற்பவர் வந்தார். புது மாப்பிள்ளை ஜோரில் ஒரு ரோஜாச் செடி வாங்கினேன். ஐந்து பூ, ஏழு மொட்டு. "தினம் தண்ணி ஊத்துங்க சார், அது பாட்டுக்குப் பூக்கும்" என்றார். ஊற்றினேன். ஒரே மாதத்தில் குச்சியாகிவிட்டது. சரி, ராசியில்லை என்று இன்னொன்று வாங்கினேன். அதுவும் போய்ச் சேர்ந்தது. நாலு வருஷத்தில் நாலு செடி. நூறு நூறு ரூபாயாக நானூறு ரூபாயை வாராக்கடன் என்று எழுதிவிட்டேன். அதற்குப் பிறகும் புத்தி வராமல் வாங்கிய மூன்று, மொட்டை மாடியில் மூன்று தொட்டிகளில், உயிரோடு இருக்கின்றனவா இல்லையா என்று சொல்ல முடியாத நிலையில் நின்றுகொண்டிருந்தன.

அப்போதுதான் என்னை வெட்டினார்கள்.

2022 ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கம்பெனியில் ஏ.சி. அறைக்குள் கூப்பிட்டார்கள். காபி கொடுத்தார்கள். பதினோரு வருஷத்தில் அந்த அறையில் எனக்குக் கிடைத்த முதல் காபி. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். "செலவைக் கொஞ்சம் குறைக்கிறோம்" என்றார் ஒருவர். நானும் பொறுப்புள்ள கணக்குப்பிள்ளையாக, "ரொம்ப நல்லது சார், எப்பவோ செஞ்சிருக்கணும்" என்றேன். அந்தச் செலவே நான்தான் என்பது இரண்டு நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது.

திங்கட்கிழமை காலை மனைவி எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு வேலைக்குக் கிளம்பினாள். நான் பனியனோடு வாசலில் நின்றேன். எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், லீவா?" என்றார். செவ்வாய்க்கிழமை, "உடம்பு சரியில்லையா?" புதன்கிழமை ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கேட்காததுதான் ரொம்ப வலித்தது. வியாழக்கிழமை முதல் பகல் பூராவும் மொட்டை மாடிக்குக் குடிபோய்விட்டேன்.

அங்கேதான் எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். எழுபது வயது. அதுவரை அவர் என்னிடம் பேசியதெல்லாம் இரண்டே வாக்கியங்கள். ஒன்று, "வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள வந்துடணும் தம்பி." இன்னொன்று, "மாடியில தண்ணியைக் கொட்டாதீங்க, கீழே சீலிங் ஊறுது." வடாம் பிழிய வந்தவர் என் தொட்டிகளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்த காலத்தில் குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் முப்பது ரோஜா வைத்திருந்தவராம். அது எனக்கு அப்போது தெரியாது.

முதல் தொட்டி: தண்ணீரில் கண்டம்

"தம்பி, இது காஞ்சு போகலை. மூழ்கிப் போயிருக்கு."

எனக்கு ஆச்சரியம். வேலையில்லாத உற்சாகத்தில் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் அந்தச் செடிக்குத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்ற ஊற்ற இலை பழுத்து உதிர்ந்தது. வாடுகிறதே என்று இன்னும் ஊற்றினேன். அம்மா தொட்டியைக் கவிழ்க்கச் சொன்னார். அடித் துளை அடைத்துக் கிடந்தது. மண்ணில் சாக்கடை வாசனை. வேரெல்லாம் கறுப்பு.

விஷயம் இதுதான். வேருக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும். மண்ணின் இடுக்குகளில் இருக்கிற காற்றை எல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாது. ஆகவே, தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். நாம் அதைப் பார்த்து, 'ஐயோ பாவம்' என்று இன்னொரு குடம் கவிழ்ப்போம். கதை முடிந்தது. என் நாலு செடிகளும் பாசத்தால் செத்தவை!

வைத்தியம் சுலபம். ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரம் பட்டால் தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால், அடித் துளை வழியாக வழிகிற வரை ஊற்றுங்கள். கத்திரி வெயிலில் தினம் இரண்டு வேளைகூடக் கேட்கும். மழைக் காலத்தில் நாலு நாள் கேட்காது. கடிகாரத்தைக் கேட்டு ஊற்றக் கூடாது. விரலைக் கேட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

மண்ணும் முக்கியம். செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு ஒரு பங்கு, மணலோ தென்னை நார்க்கழிவோ ஒரு பங்கு. தொட்டி பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. துளை மேல் ஓர் ஓட்டுச்சில்லு. தொட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். வடிந்த தண்ணீர் ஓடிவிடும், ஹவுஸ் ஓனரும் சண்டைக்கு வர மாட்டார்.

அழுகிய வேரை நறுக்கிவிட்டுப் புது மண்ணில் வைத்தோம். "பிழைச்சா உங்க அதிர்ஷ்டம்" என்றார் அம்மா.

இரண்டாம் தொட்டி: நிழலில் வளர்ந்த பிள்ளை

இரண்டாவது செடியைத் தண்ணீர் டேங்க் நிழலில் வைத்திருந்தேன். வெயில் தாங்காதே என்ற கருணை. இலைகளில் கறுப்புக் கறுப்பாகப் பொட்டு, சுற்றிலும் மஞ்சள். தினமும் நாலு இலை கொட்டியது.

"ரோஜாவை நிழல்ல வைக்கிறதும் மீனை மரத்துல ஏத்துறதும் ஒண்ணு தம்பி" என்றார். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் பட வேண்டும். அதிலும் காலை வெயில் உத்தமம்.

அந்தக் கறுப்புப் பொட்டு, கரும்புள்ளி நோய். ஒரு வகைப் பூஞ்சையின் வேலை. அது இலைக்குள் நுழைய, இலை சேர்ந்தாற்போல ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டுமாம். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? தினம் சாயங்காலம் ஆறு மணிக்குத் தலையோடு அபிஷேகம்! விடிய விடிய ஈரம். பூஞ்சைக்குப் பாயும் தலையணையும் போட்டுக் கொடுத்தது நான்தான்.

ஆகவே, தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். மண்ணுக்கு ஊற்றுங்கள், இலைக்கு வேண்டாம். பொட்டு விழுந்த இலைகளைக் கிள்ளி, உதிர்ந்ததையும் பொறுக்கிக் குப்பைக்கு அனுப்புங்கள். உரமாகட்டுமே என்று தொட்டியிலேயே போடாதீர்கள். நோய் அங்கிருந்தே மேலே ஏறும்.

கோடையில் இன்னொரு வில்லன் வருவான். சிவப்புச் சிலந்திப் பேன். இலையின் அடியில் குடியிருந்து சாற்றை உறிஞ்சுவான். இலை வெளுத்துப் புழுதி படிந்த மாதிரி ஆகும். அவனுக்கு மட்டும் வைத்தியம் தலைகீழ். காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்ச வேண்டும். அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கலந்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் தெளித்தால் போதும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும்.

மூன்றாம் தொட்டி: ஆள்மாறாட்டம்

மூன்றாவது செடிதான் என் பெருமை. அடியிலிருந்து ஒரு கிளை மூன்று அடிக்கு ஜம்மென்று கிளம்பியிருந்தது. பச்சைப் பசேல். "பார்த்தியா, என் கைராசி!" என்று மனைவியிடம் மார் தட்டியிருந்தேன். அம்மாவிடமும் தட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் வடாம் பிழியும் குழலே கை நழுவியது.

"தம்பி, இது நீங்க வாங்கின ரோஜாவே இல்லை."

நர்சரியில் வாங்குகிற ரோஜா பெரும்பாலும் ஒட்டுச் செடி. கீழே முரட்டுத்தனமான காட்டு ரோஜா வகை வேர்ச்செடி. அதன் மேல் அழகான பூ பூக்கிற ரகத்தின் ஒரே ஒரு மொட்டை ஒட்ட வைப்பார்கள். ஒட்டிய இடம் சற்றே புடைப்பாகத் தெரியும். அந்தப் புடைப்புக்குக் கீழேயிருந்து கிளம்புகிற கிளை, வேர்ச்செடியின் சொந்தக் கிளை. அது சாப்பாட்டை எல்லாம் தானே சாப்பிட்டு, மேலே இருக்கிற நல்ல ரகத்தைப் பட்டினி போட்டுவிடும். வாடகைக்கு வந்தவன் வீட்டையே எழுதி வாங்கின மாதிரி! (இந்த உவமை அம்மாவுடையது. சொல்லும்போது என்னையே பார்த்தார்.)

கண்டுபிடிக்க ஒரு வழி. ரோஜாவில் கறிவேப்பிலை மாதிரி ஒரு காம்பில் பல சிற்றிலைகள் சேர்ந்ததுதான் ஓர் இலை. நல்ல ரகத்தில் பெரும்பாலும் ஐந்து சிற்றிலை இருக்கும். காட்டுக் கிளையில் ஏழு, ஒன்பது என்று இருக்கும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். கிளை எங்கேயிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பதுதான் நிச்சயம். மண்ணை விலக்கி, அது முளைத்த இடத்திலேயே பிய்த்து எடுக்க வேண்டும். மேலோடு வெட்டினால் ஒன்றுக்கு இரண்டாக வரும்.

1995-ல் ஊட்டியில் மலர்க் கண்காட்சி நூற்றாண்டின் நினைவாக அமைத்தார்களே, அந்த அரசு ரோஜாப் பூங்காவுக்கு அப்புறம் ஒருமுறை போயிருந்தோம். உலகமே பூவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, நான் குனிந்து ஒவ்வொரு செடியின் அடியிலும் ஒட்டுப் புடைப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். "எல்லாரும் முகத்தைப் பார்க்கிறாங்க. நீங்க மட்டும் காலைப் பார்த்துட்டு நடக்கறீங்க" என்றாள் மனைவி.

டீத்தூள் புராணம்

உரம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது டீத்தூள். நானும் போட்டேன், பாலும் சர்க்கரையும் கலந்து கொதித்த தூளை அப்படியே! பேட்டையில் உள்ள அத்தனை எறும்புகளும் சம்மன் இல்லாமல் ஆஜர். போடுவதானால் அலசிக் காய வைத்துப் போடுங்கள். முட்டை ஓடு நல்லதுதான், ஆனால் அது மக்குவதற்குள் நமக்கே வயசாகிவிடும்.

அம்மாவின் முறை இது. கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊற வைத்து, டீ நிறத்துக்குத் தண்ணீர் சேர்த்து, பதினைந்து நாளைக்கு ஒரு தரம். மாதம் ஒரு பிடி மக்கிய எரு. நோயிலிருந்து எழுந்த செடிக்குப் புதுத் தளிர் வரும் வரை உரமே வேண்டாம். காய்ச்சல்காரனுக்குப் பிரியாணி போடுவோமா?

"ஆபீஸ் போகிறவனுக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். டாக்டர் பி.பி. பால் என்று ஒருவர் இருந்தார். நோய் தாங்கும் கோதுமை ரகங்களை உருவாக்கிய விஞ்ஞானி. 1965-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் டைரக்டர் ஜெனரல் ஆனவர். இத்தனை பொறுப்புக்கு நடுவில், அவர் உருவாக்கிய புது ரோஜா ரகங்கள் பல. 'டெல்லி பிரின்சஸ்' அவற்றில் ஒன்று. நாட்டின் கோதுமையையே பார்த்துக்கொண்டவருக்கு நேரம் இருந்திருக்கிறது. நமக்குக் காலையில் பத்து நிமிஷம் கிடைக்காதா?

கத்தரி யார் கையில்?

செப்டம்பருக்குள் மூன்று செடிகளும் ஒருவாறு தேறின. ஆனால் குச்சி குச்சியாக வளர்ந்து, பூ மட்டும் இல்லை. எனக்கும் அதே நிலைமைதான். ஐந்து இன்டர்வியூ. ஐந்து இடத்திலும், "சொல்லி அனுப்புகிறோம்." தினம் சாயங்காலம் மனைவி செருப்பைக் கழற்றும்போதே, "எங்கேயிருந்தாவது போன் வந்துதா?" என்பாள். நான் எரிந்து விழுவேன். அவள் பேசாமல் உள்ளே போவாள். இதுவே வழக்கமாகிவிட்டது.

"கவாத்து பண்ணணும் தம்பி" என்றார் அம்மா. நம் ஊர் சமவெளியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவாத்துக் காலம். ஆனால் சென்னையில் அது அடைமழைக் காலம். மழையில் வெட்டினால் வெட்டுவாயில் ஈரம் இறங்கிக் கிளை கருகும். "மழை விடட்டும்" என்றார். டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தபோது, நானும் மனைவியும் மூன்று தொட்டிகளையும் மாடிப்படியில் இறக்கி வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி உலகக் கோப்பை கால்பந்து ஃபைனல். காலையில் என் ஃபைனல். கத்தரியைக் கையில் கொடுத்துவிட்டார் அம்மா. எனக்குக் கை வரவில்லை. ஆறு மாதமாகத் தேற்றிய செடி. "பாதி உயரத்துக்கு வெட்டுங்க" என்கிறார்! வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "என்னையும் இப்படித்தாம்மா வெட்டினாங்க. கம்பெனி செழிக்கணும்னு."

அம்மா கத்தரியை வாங்கிக் கீழே வைத்தார்.

"வெட்டுறதுல முறை இருக்கு தம்பி. முதல்ல காஞ்சது, நோய் வந்தது, ஒண்ணோட ஒண்ணு உரசுறது. அப்புறம்தான் நல்ல கிளை. அதையும் கண்ட இடத்துல வெட்டக் கூடாது. வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணு வேணும். அதுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வா, ஒரே வெட்டு. நசுக்கக் கூடாது. வெட்டின வாயில மருந்து தடவணும். எரு போடணும். நாப்பத்தஞ்சு நாள் காத்திருக்கணும். இத்தனையும் செய்யறவனுக்குத்தான் கத்தரி எடுக்க உரிமை. உங்க கம்பெனிக்காரன் கணுவைப் பார்த்தானா? மருந்து தடவினானா? அவன் செஞ்சது கவாத்து இல்லை தம்பி. விறகு வெட்டினான்."

நான் குனிந்துகொண்டேன். கண்ணில் ஏதோ தூசி.

அப்புறம் வெட்டினேன். தாமிரப் பூஞ்சைக்கொல்லியைக் குழைத்து ஒவ்வொரு வெட்டிலும் தடவினேன். கையில் ஏழெட்டு இடத்தில் குத்து. ரோஜாவில் இருப்பதை முள் என்றே தாவரவியல்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. எலுமிச்சை முள் மாதிரி தண்டுக்குள்ளிருந்து வருவது இல்லை இது. மேல்தோலில் முளைப்பது. பக்கவாட்டில் தள்ளினால் பட்டென்று உடைந்துவிடும். குத்து வாங்கும்போது இந்த வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை!

அன்று ராத்திரி மெஸ்ஸி ஜெயித்தார். என் தொட்டியில் மூன்று மொட்டைக் குச்சிகள்.

நாற்பத்தைந்து நாள்

மறுநாளே போய் வெட்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். அதற்கு மறுநாளும் தொட்டேன். மாடிப்படியேறி வந்த அம்மா அதட்டினார். "வெட்டின இடத்தைத் தினம் தொட்டுத் தொட்டுப் பார்க்காதீங்க தம்பி. ஆறாது. அது வேலையை அது பார்த்துக்கும்."

பத்தாம் நாள் கணுவில் ஒரு சிவப்புப் புள்ளி. தளிர்!

(வாலிபர்களுக்கு ஒரு இடைச்செருகல்: கவாத்திலிருந்து பூவுக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து நாள். ஓசூர்ப் பக்கத்து ரோஜாக்காரர்கள் காதலர் தினத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டு, முன்கூட்டியே கத்தரியை எடுத்துவிடுகிறார்கள். பிப்ரவரி 13 ராத்திரி கடை கடையாக அலைகிறவர்கள் யோசிக்கவும். காதலுக்கு டிசம்பரிலேயே வேலை இருக்கிறது.)

ஜனவரி பூராவும் மனைவி தினம் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே ஒன்று கேட்பாள். "எத்தனை தளிர்?" "மொட்டு வந்துதா?" நானும் உற்சாகமாகச் சொல்வேன். சண்டை இல்லை. இந்த வித்தியாசம் என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

2023 பிப்ரவரி 3. நாற்பத்தேழாவது நாள். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. முதல் தொட்டியில், மூழ்கிச் சாகக் கிடந்த செடியில், ஒரு பூ. ராத்திரி ஏழு மணிக்குச் செல்போன் வெளிச்சத்தில் மனைவிக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் பார்த்தாள்.

அப்போதுதான் கேட்டேன். "ஆமா, ஒன்றரை மாசமா இன்டர்வியூ பற்றி ஒரு வார்த்தை கேக்கலையே நீ?"

"வெட்டின இடத்தைத் தினம் தொட்டுப் பார்க்கக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்களே. நான் மாடிப்படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

எனக்குப் பதில் வரவில்லை. பி.காம். படிப்பில் இதற்கெல்லாம் பதில் சொல்லித் தருவதில்லை.

அந்த வருஷம் மார்ச்சில் இரண்டு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. அப்புறம் பத்திரிகைகளுக்கு இப்படி எழுதுகிற வேலை. பழைய சம்பளம் இல்லை. ஆனால் எதிர்வீட்டுக்காரர் மறுபடியும், "என்ன சார், லீவா?" என்று கேட்கிறார். சந்தோஷமாக இருக்கிறது.

பூ வாடியதும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்களா? செடியிலேயே விட்டால் காய் பிடித்துச் சத்தை இழுக்கும். பூவுக்குக் கீழே முதல் ஐந்து சிற்றிலை இருக்கிற இடம் பார்த்து, அதற்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். அடுத்த பூ அங்கேயிருந்துதான் வரும். அன்றைய பூ வாடியபோது அதை வெட்டியது மனைவி. ஐந்து வரை எண்ணி, சாய்வாக, ஒரே வெட்டு.

கீழேயிருந்து ஹவுஸ் ஓனர் அம்மாவின் குரல் வந்தது. "தம்பி! பூ பூத்தாச்சு இல்ல? இனிமேலாவது சீலிங்கைக் கொஞ்சம் கவனிங்க. பாத்ரூம் சுவர் ஊறுது!"